வகுப்பறைக்குள் வராத வீடுகள்

சென்ற ஆண்டின் தொடக்கத்தில், 6ஆந் தரத்திற்குப் புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகளிடம் 'எங்கள் வீடு' என்னும் பொருளில் ஒரு பக்கம் எழுதித் தருமாறு கேட்டோம். ஐந்தாண்டு ஆரம்பக் கல்வியின் பின் அவர்களின் கைகளிலே தமிழ் எந்த நிலையில் இருக்கின்றது என்று அறிந்துகொள்வதே எமது நோக்கம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. 31 கொப்பிகள் வந்து சேர்ந்தன. அன்றிரவு திருத்துவதற்கு அமர்ந்தபோது ஐந்தாறு கொப்பிகளைத் தாண்டியதும் ஐயம் ஒன்று தோன்றியது. பதினைந்தாவது கொப்பியில் அது உறுதியாயிற்று. 31 பிள்ளைகளும் ஒரே வீட்டிலே குடியிருந்தார்கள்!

அந்த வீட்டின் முன்னே பூந்தோட்டம் இருந்தது. பின்னே கிணறும், கிணற்றடியில் வாழைகளும் இருந்தன. முற்றத்து மாமரம் நிழல் தந்தது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் அமர்ந்து தந்தையார் காலைப் பத்திரிகை படித்தார். தாயார் சமையலறையில் சுவையான உணவு தயாரித்தார். மாலையானதும் எல்லோரும் கைகால் கழுவிச் சுவாமியறையில் விளக்கேற்றித் தேவாரம் பாடினார்கள். வாக்கியங்களின் ஒழுங்குகூடப் பெரிதும் மாறவில்லை. எழுத்துப் பிழைகளில் மாத்திரமே பிள்ளைகள் தத்தம் தனித்தன்மையைக் காட்டியிருந்தனர்.

எமது பாடசாலை வன்னியில் உள்ளது. அந்த வகுப்பிலே ஏறக்குறைய அரைப்பங்கினர் மலைநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியோரின் பேரப்பிள்ளைகள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1973, 1974ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களைப் பீடித்த பட்டினியாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலாலும் துரத்தப்பட்டு வந்து, பிறர் வயல்களிலே கூலிக்கு நின்று இம்மண்ணைத் திருத்தியவர்கள் அவர்களின் முன்னோர். எஞ்சியோரில் வன்னியின் பழங்குடி விவசாயிகளின் பிள்ளைகள் உண்டு; யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் உண்டு; மூவர் முஸ்லிம் பிள்ளைகள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009ஆம் ஆண்டின் பின் மீண்டு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலானோர் போருக்குப் பின் வீட்டுத்திட்டத்திலே கிடைத்த, இன்னும் பூச்சுக் காணாத சுவர்களையுடைய வீடுகளில் வாழ்கின்றனர். சிலருக்குத் தகரக் கொட்டில். சாய்மனைக் கதிரை அவர்களுள் எவருடைய வீட்டிலும் இல்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் எம்மைத் திகைக்க வைத்தது கதிரையன்று. அந்த மூன்று முஸ்லிம் பிள்ளைகளுள் ஒரு சிறுமியும் மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடியிருந்தாள்.

இது மாதிரிக் கட்டுரையின் திருவிளையாடல் என்று சிரித்துவிட்டு அப்பாற் போகலாம். புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் ஆரம்ப வகுப்புகளின்மேல் எவ்வளவு அடர்த்தியாக விழுந்திருக்கின்றது என்பது எவரும் அறியாததன்று. பாடம் செய்து ஒப்புவிப்பது பழைய நோய். எனினும் எம் மனம் அவ்வளவில் அமையவில்லை. அச்சிறுமி பொய் சொன்னாளா? இல்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை எது என்று தெரியும். அதை மறைக்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும். இவளோ, 'வீடு' என்ற சொல்லுக்குப் பாடசாலையில் ஒரு பொருளும் பாடசாலைக்கு வெளியே வேறொரு பொருளும் உண்டு என்று ஐந்தாண்டுகளிலே நன்கு கற்றுத் தேர்ந்திருக்கிறாள். தான் உறங்கி எழும் இடம் எழுதுவதற்கு உரியதன்று என்று அவளுக்கு எவரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே கற்பிக்கப்பட்ட பாடம் அது. அதனாலேதான் அது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கின்றது.

அவர்களுக்கு ஆரம்ப வகுப்பிலே கற்பித்த ஆசிரியையை நாம் அறிவோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் சேவையாற்றியவர். இடப்பெயர்வுக் காலத்திலே மரநிழலில் வகுப்பு நடத்தியவர். தம் சம்பளத்திலே பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பவர். அவரிடம் இவ்விடயத்தைத் தயக்கத்துடன் எடுத்துரைத்தபோது அவர் சினங் கொள்ளவில்லை. "தம்பி, எனக்கு எல்லாப் பிள்ளையளும் ஒண்டுதான். ஆர், எவர், எங்கையிருந்து வந்தவை எண்டு நான் ஒருநாளும் பாத்ததில்லை" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. எம்மைச் சிந்திக்கத் தூண்டியதும் அவ்வுண்மையே. எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கும் நல்ல மனம் ஒன்று எவ்வாறு 31 வீடுகளை அழித்து ஒரு வீட்டைக் கட்டிற்று?

'ஒன்றாகப் பார்த்தல்' என்னும் இந்நெறியை எளிதாக எள்ளி நகையாட நாம் ஆயத்தமாயில்லை. அது பெருவிலை கொடுத்து வாங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்குகளில் அமர இயலாதிருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. அவர்கள் நிலத்தில் இருந்தனர். சில இடங்களிலே விறாந்தையில் நின்று பாடங் கேட்டனர். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும், அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற பணிப்பு வந்தபோது, படித்தவர்களும் பக்திமான்களும் அதற்கெதிராக மனுக்கள் எழுதினர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தம் பிள்ளை அமரும் வாங்கிலே இன்னொரு பிள்ளை அமர்வதைவிடப் பாடசாலை சாம்பலாவதே மேல் என்று கருதியோர் எமது பாட்டன்மார். 1924இல் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற இயக்கத்தினர், ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர், சம ஆசனத்துக்கும் சமபந்திக்கும் ஆதரவாக நின்றமை அக்காலத்தில் எளிய செயலன்று. பின்பு 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை பாடசாலை இல்லாத கிராமங்களுக்குப் பாடசாலை கேட்டுப் போராடிற்று. 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் இலவசச் சீருடையும் வந்தன. ஒரே வாங்கு, ஒரே நூல், ஒரே உடை. இவற்றில் ஒன்றையேனும் விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் ஒன்று கேட்க வேண்டியிருக்கின்றது. பிள்ளை வாங்கில் அமர்ந்துவிட்டான். அவனுடைய வீடு எங்கே நிற்கிறது? பழைய நாளிலே பிள்ளை விறாந்தையில் நின்றான். இந்நாளில் அவன் உள்ளே வந்துவிட்டான். அவனுடைய தாயின் பேச்சு, தந்தையின் தொழில், பாட்டியின் கதை, அடுப்பிலே வேகும் உணவு ஆகிய அனைத்தும் விறாந்தையில் நிற்கின்றன. தன்னுடையதை வெளியே கழற்றி வைத்துவிட்டு வருபவனுக்குத்தான் வாங்கில் இடம் என்றால், அது சம ஆசனந்தானா?

எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறோம் என்கிறோம். அந்தக் கண் யாருடையது என்பதே வினா. மாதிரிக் கட்டுரையின் வீட்டை மீண்டும் பார்ப்போம். அது எங்குமில்லாத கற்பனை வீடன்று. யாழ்ப்பாணத்துக் காணிபூமியுள்ள, உத்தியோகம் பார்க்கும், சைவ வேளாளக் குடும்பத்தின் வீடு அது. அங்குள்ள தந்தை காலையிலே பத்திரிகை படிக்கிறார்; அதாவது விடியுமுன் வேலைக்குப் போக வேண்டியவரல்லர். தாய் வீட்டிலேயே இருக்கிறார். அதாவது பிறர் வயலுக்குக் களை பிடுங்கப் போக வேண்டியவரல்லர். கிணறு அவர்களுக்கே சொந்தம். அதாவது பிறரது கிணற்றடியிலே வாளியுடன் காத்து நின்று அவமானப்பட்டவர்களல்லர். பண்பாடு பற்றிப் பேசுவது வர்க்கத்தை மறைக்கும் சூழ்ச்சி என்று எமது தோழர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அவ்வாதத்தில் நியாயம் உண்டு; அதற்குப் பின்னர் வருவோம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் வர்க்கம் தன் சொந்தப் பெயரோடு வருவதில்லை. அது 'நல்ல வீடு', 'நல்ல பழக்கம்', 'நல்ல தமிழ்' என்ற பெயர்களோடுதான் வருகின்றது.

'நல்ல தமிழ்' பற்றிச் சிறிது நின்று பேச விரும்புகின்றோம். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்ற எமக்கு இதிலே தனிப்பட்ட பொறுப்பு உண்டு. மலைநாட்டுப் பரம்பரையில் வந்த சிறுவன் ஒருவன் ஒருநாள் எம்மிடம் வந்து, "சேர், அவன் என்னோட பேசவே மாட்டேங்கிறான்" என்றான். அருகிலிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'பேசுதல்' என்பதற்கு ஏசுதல் என்றும் பொருளுண்டு. உரையாடுவதற்கு நாம் 'கதைத்தல்' என்போம். தன்னை ஏசுகிறானில்லையே என்று இவன் வருந்துகிறான் என அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்! வேடிக்கைதான். ஆனால் அச்சிறுவன் அதன் பின்பு பல நாட்கள் வகுப்பிலே வாய் திறக்கவில்லை. 'பேசு' என்பது தமிழ் நிலம் முழுவதும் வழங்கும் சொல். 'கதை' என்பதே எமது பிரதேச வழக்கு. அப்படியிருக்க, வெட்கப்பட்டவன் அவன், சிரித்தவர்கள் நாம். சொல்லின் பழைமையோ செம்மையோ அன்று அங்கே தீர்ப்பு வழங்கியது. அவனுடைய பாட்டி கொழுந்து பறித்தவள் என்பதே தீர்ப்பு வழங்கியது.

இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு திசைச்சொல்லையும் செய்யுளுக்கு உரிய சொல்லாகத் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டார். இலக்கணம் திறந்து வைத்த கதவை ஆரம்பப் பாடசாலை பூட்டி வைத்திருக்கின்றது. இன்னொன்றும் எமது நினைவுக்கு வருகின்றது. 1960களின் முற்பகுதியில் இந்நாட்டு முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிலே கையாண்டபோது, மரபுவாதிகள் அதனை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். கைலாசபதியும் சிவத்தம்பியும் அவர்தம் தோழர்களும் அந்த மரபுப் போராட்டத்திலே வாதாடி வென்றனர் என்று நாம் பெருமையுடன் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். வென்றது உண்மை. உயர்தர வகுப்பிலே அக்கதைகளைப் படித்து மண்வாசனையை மெச்சுகின்றோம். அம்மண்ணிலே பிறந்த பிள்ளை 2ஆந் தரத்திலே அதே சொல்லை வாய்விட்டுச் சொன்னால் 'கொச்சை' என்று திருத்துகின்றோம். அச்சிலே வென்ற போர் கரும்பலகையிலே இன்னும் நடந்துகொண்டிருக்கின்றது.

பிள்ளைக்குப் பொதுத் தமிழைக் கற்பிக்க வேண்டாம் என்பதா எமது கருத்து? ஒருபோதும் இல்லை. எழுத்துத் தமிழைக் கற்றுக்கொடாத பாடசாலை, ஏழைப் பிள்ளையின் கையிலிருந்த ஒரே ஆயுதத்தையும் பறித்ததாகும். இரண்டாவது மாடிக்கு ஏணி வைத்துத்தான் ஆக வேண்டும். ஏணியின் அடி எங்கே ஊன்றப்படுகின்றது என்பதுதான் எமது வாதம். நியூசிலாந்திலே மாவோரிப் பழங்குடிச் சிறுவர்க்குக் கற்பித்த சில்வியா அஷ்டன் வோர்னர் என்னும் ஆசிரியை 1963இல் தமது அனுபவத்தை நூலாக வெளியிட்டார். வெள்ளைக்காரக் குடும்பங்களின் வாழ்வைச் சித்திரித்த வாசிப்பு நூல்கள் அச்சிறுவரின் மனதிலே ஒட்டவில்லை என்று கண்ட அவர், நாள்தோறும் ஒவ்வொரு பிள்ளையிடமும் 'உனக்கு எந்தச் சொல் வேண்டும்?' என்று கேட்டார். பிள்ளை சொன்ன சொல்லைத் தடித்த அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். பேய், முத்தம் என்பன போன்ற சொற்கள் அவை. அச்சமும் அன்பும் நிறைந்த சொற்கள். பாடநூலின் எளிய சொற்களிலே மாதக்கணக்காகத் தடுமாறிய பிள்ளைகள் இச்சொற்களை ஒருமுறை பார்த்தே படித்துவிட்டார்கள். படிக்க இயலாத பிள்ளை என்று நாம் பெயர் சூட்டும் பலர், படிப்பதற்குத் தமக்குரிய சொல்லொன்று கிடைக்காதவர்களாய் இருக்கக்கூடும்.

இவ்வளவும் சிந்தித்த பின்னர் நாம் செய்தது பெரும் பிழை. அதனை ஒளிக்காமற் சொல்வதுதான் நேர்மை. மறுவாரம் வகுப்புக்குச் சென்று, மாதிரிக் கட்டுரையை மறந்துவிடுங்கள், உங்கள் உண்மையான வீட்டைப் பற்றியும், பெற்றோரின் தொழிலைப் பற்றியும், உங்கள் பூர்வீக ஊரைப் பற்றியும் எழுதி ஒவ்வொருவராக எழுந்து வாசியுங்கள் என்றோம். ஏதோ விடுதலைப் பிரகடனம் செய்துவிட்டதாகவே எமக்கு நினைப்பு! மறுநாள் ஒரு சிறுவன் பாடசாலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வந்தார். யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம். தந்தை பனையேறிச் சீவுபவர். "சேர், நாங்கள் இஞ்ச வந்து ஆரெண்டு தெரியாமல் நிம்மதியா இருக்கிறம். பெடியனை எழுப்பி நிப்பாட்டிக் கேக்காதேங்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

'எந்த ஊர்?' என்னும் வினா எமது சமூகத்திலே ஊரை அறிவதற்காக மட்டும் கேட்கப்படுவதன்று என்பதை அறியாதவர்களா நாம்? அடுத்தடுத்துக் கேட்கப்படும் மூன்று வினாக்களிலே ஒருவரின் சாதியை அளந்துவிடும் கலையில் எம்மவர்கள் வல்லவர்கள். அந்த அளவுகோலையே நாம் 'பண்பாட்டை மதித்தல்' என்னும் பட்டுத் துணியிலே சுற்றி வகுப்பறைக்குள் கொண்டு சென்றோம். மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா சாதி இழிவுரையின் காரணமாக இளவயதிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர். சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்துகொண்டு கதைகள் எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 முதல் பல்லாண்டுகள் தாமே இதழ் நடத்தினார். அவரது வாழ்வை வகுப்பிலே எடுத்துக்காட்டாகக் கூறிவந்த நாமே, எந்தக் கேள்வி ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டும் என்பதை அறியாது நடந்துகொண்டோம். ஜீவாவைப் போன்று தப்பி எழுந்தவர் ஒருவர். எழாமலே போனவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

தோழர்களின் வாதத்தில் நியாயம் உண்டு என்று முன்னர்க் கூறியது இதனாலேயே. எல்லா வேற்றுமைகளும் ஒரே இயல்பினவல்ல. மொழிவழக்கு, உணவு, வழிபாடு, பாட்டு, கூத்து ஆகியன மதிக்கத்தக்க வேற்றுமைகள். சாதியோ வேற்றுமையன்று; அது ஓர் ஏற்பாடு. அதனை 'எமது வகுப்பின் பல்வண்ணப் பண்பாடு' என்று காட்சிக்கு வைப்பவர் அதனைப் பேணுபவராவார். வறுமையும் அவ்வாறே. தகரக் கொட்டில் ஒருவருடைய பண்பாடு ஆகாது. பிள்ளையின் வீடு வகுப்பறைக்குள் வர வேண்டும் என்று நாம் கேட்கும்போது, அவ்வீட்டைத் தன் தலைமேற் சுமந்து வந்து எல்லோர் முன்னும் இறக்கி வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைக்கின்றோம். அது நியாயமன்று. பெரும்பான்மையினரின் பிள்ளை தன் வீட்டைப் பற்றி ஒருபோதும் விளக்கமளிக்க வேண்டியதில்லை. அவன் வருமுன்பே அவன் வீடு பாடநூலில் இருக்கின்றது. மற்றவன் மட்டும் எழுந்து நின்று விளக்க வேண்டுமா?

ஆண்டுக்கொருமுறை சில பாடசாலைகளில் நடக்கும் 'பண்பாட்டுத் தின' விழாக்கள் எமக்கு நிறைவளிக்காமைக்கும் இதுவே காரணம். முஸ்லிம் சிறுமி முக்காடணிந்து மேடையேறி வாழ்த்துச் சொல்வாள்; மலைநாட்டுப் பிள்ளைகள் காமன் கூத்தில் ஒரு துண்டு ஆடுவார்கள்; அதிதிகள் கைதட்டுவார்கள். மறுநாட் காலையில் அச்சிறுமி, கற்பிக்க ஆசிரியர் இல்லாத காரணத்தால், சமய பாட வேளையிலே வகுப்பின் பின்மூலையில் படம் வரைந்துகொண்டிருப்பாள். மேடையிலே கிடைத்த அரை மணிநேரம் மூலையிலே கழியும் ஆண்டு முழுவதற்கும் ஈடாகுமா?

மையத்தை நகர்த்த வேண்டியவர் ஆசிரியரே. அது பிள்ளையின் வேலையன்று. நகர்த்துதல் எத்தகையது என்று சிறு உதாரணத்தாற் சொல்லலாம். பனையைக் கற்பகதரு என்று புகழ்ந்து கட்டுரை எழுதாத தமிழ் மாணவன் இல்லை. நுங்கு, ஒடியல், பனாட்டு, பாய், கடகம் என்று எல்லாம் அக்கட்டுரையில் வரும். நாள்தோறும் இருவேளை அம்மரத்திலே ஏறி இறங்குபவன் மட்டும் அதில் வருவதில்லை! சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடம் ஆரம்ப வகுப்புகளிலே இருக்கின்றது. அப்பாட வேளையிலே ஆசிரியர், எந்தப் பிள்ளையின் முகத்தையும் பாராமல், தளைநார் எவ்வாறு பின்னப்படுகின்றது, பாளையை எந்தப் பதத்தில் எப்படிச் சீவினால் சாறு வடியும், முட்டிக்குள் ஏன் சுண்ணாம்பு பூசுகிறார்கள் என்று விளக்கலாம். அதிலே இயற்கை அறிவு உண்டு, கணக்கு உண்டு, கைத்திறன் உண்டு. 'இது இன்னாரின் தொழில்' என்ற சொல் அங்கே தேவையில்லை. அவ்வகுப்பிலே ஒரு சிறுவன் தலைகுனிந்திருந்து, மெல்லத் தலை நிமிர்ந்தால், அது அவனுக்கும் ஆசிரியருக்கும் மட்டும் தெரிந்தாற் போதும். அவ்வாறே கொழுந்து பறிக்கும் கையின் வேகத்தையும், பெருநாட் பிறையையும், உம்மா, வாப்பா, ராத்தா, நானா என்னும் உறவுப் பெயர்களையும், அக்காவும் அண்ணாவும் வரும் அதே இயல்போடு பாடத்திலே புழங்கவிடலாம். சிறப்பு அறிமுகம் எதுவும் வேண்டாம். சிறப்பு அறிமுகம் என்பதே 'இவர் விருந்தாளி' என்று சொல்வதுதான்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பாடத்திட்டத்தை முடிப்பது எப்போது என்று ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. மேற்பார்வைக்கு வருவோர் பயிற்சிக் கொப்பியிலே எத்தனை பக்கம் நிறைந்திருக்கின்றது என்று பார்க்கின்றனரேயன்றி, எத்தனை வீடுகள் அதிலே இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. ஆசிரியரை மட்டும் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்துவது எமது நோக்கமன்று. தாய்மொழிக் கல்வி என்னும் பெரும் பேறே, சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் என்றும் சந்திக்காதபடி ஒரு மதிலாகவும் அமைந்துவிட்ட நாட்டிலே, ஓர் ஆசிரியையின் தனி முயற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்ற ஐயமும் எமக்கு இல்லாமலில்லை. அது தனியே எழுத வேண்டிய பொருள். ஆனால் மதிலுக்கு இப்பாலுள்ள வகுப்பறையைப் பற்றி எமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. அது எமது கையில் இருக்கின்றது.

அந்தச் சிறுவன் மறுவாரம் வந்துவிட்டான். நாம் கட்டளையை மாற்றினோம். முதலிலே எமது வீட்டைப் பற்றி நாமே எழுதி வாசித்தோம். மழைக்கு ஒழுகிய கூரையையும், இடப்பெயர்விலே விட்டுவந்த தையல் இயந்திரத்தை நினைத்து எமது தாயார் இன்னும் வருந்துவதையும் அதிலே சேர்த்திருந்தோம். பின்னர், விரும்பியவர்கள் தமக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்தைப் பற்றி எழுதலாம், அது வீடாக இருக்க வேண்டியதில்லை, நாம் மட்டுமே படிப்போம், எழுத விரும்பாதவர்கள் படம் வரையலாம் என்றோம். அச்சிறுவன் குளக்கட்டைப் பற்றியும், அங்கே தூண்டில் போடும்போது தன் நாய் செய்யும் குழப்படியைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதினான். வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது அவன் உரிமை.

'பேச' மறுத்தவனைப் பற்றி முறையிட்டுச் சிரிப்புக்கு இடமான சிறுவன் எழுதியது இவ்வாறு தொடங்கிற்று: "எங்க வீட்ல ரெண்டு காம்பரா இருக்கு. ஒரு காம்பராவுல ஆயா படுக்கும்." வழக்கம் போலவே எமது கை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது. 'எங்க வீட்ல' என்பதை 'எங்கள் வீட்டில்' என்று திருத்தினோம். அது திருத்த வேண்டியதே. 'காம்பரா' என்ற சொல்லின் கீழ்க் கோடு போடப் போய் நிறுத்தினோம். அது லயத்து அறையைக் குறிக்கும் சொல், போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. வீட்டுத்திட்ட வீட்டின் அறைகளையும் அவனுடைய பாட்டி அப்பெயராலேயே அழைக்கிறாள் போலும். சரி, போர்த்துக்கேயச் சொல் நல்ல தமிழாகாது என்றால், முதற் கட்டுரைகள் 31இலும் வந்த விறாந்தையும் கதிரையும் எங்கிருந்து வந்தன? அவன் அமர்ந்திருந்து எழுதிய வாங்கு எங்கிருந்து வந்தது? அவையும் அதே கப்பலில் வந்து இறங்கியவைதாம். அவற்றின் கீழ் எமது ஆசிரியர்களும் கோடு போட்டதில்லை, நாமும் போட்டதில்லை.

கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் தன் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு எழுந்து வந்து, "சேர், காம்பரான்னு பரீட்சையிலயும் எழுதலாமா?" என்று கேட்டான். எமது பரீட்சையில் எழுதலாம் என்றோம். மற்றப் பரீட்சைகளைத் திருத்துபவர்கள் யார் யார், அவர்கள் எந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பது எமக்குத் தெரியாது. அதனையும் அவனிடம் மறைக்காமற் சொன்னோம்.